செய்தியும் ஆட்சியும்: செட்டிநாட்டு வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பேப்பர் படிக்கும் பழக்கம் விடாத சிலர் அவ்வப்போது கூடிப் பேசுவோம். தேர்தல் நெருங்க நெருங்கக் கேள்விகள் கூடும், குரலும் கூடும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில். எந்தக் கட்சிக்காரருக்கும் ஏதாவது ஒரு பதிலில் கோபம் வரும். பரவாயில்லை.

பத்திரிகை "ஜனநாயகத்தின் நான்காவது தூண்" என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். அரசியல் சட்டத்தில் அப்படி இருக்கிறதா?

இல்லை. பத்திரிகைச் சுதந்திரம் என்று தனியாக ஒரு வரிகூட அதில் கிடையாது. 19(1)(அ) பிரிவு குடிமக்கள் எல்லோருக்கும் பேச்சுரிமையும் கருத்துரிமையும் தருகிறது. பத்திரிகையும் அதில் அடக்கம் என்று சொன்னது உச்ச நீதிமன்றம். அப்படிச் சொல்ல வைத்த வழக்குகளில் முதன்மையானது நம் மாகாணத்திலிருந்தே போனது. 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி வார இதழ் சென்னை மாகாணத்துக்குள் நுழையக்கூடாது என்று அன்றைய மாகாண அரசு தடை போட்டது. அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் வழக்குப் போட்டார். தடை செல்லாது என்று 1950இல் தீர்ப்பு வந்தது. அடுத்த ஆண்டே அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்தைக் கொண்டுவந்து, பொது ஒழுங்கைக் காரணம் காட்டியும் கட்டுப்பாடு போடலாம் என்று 19(2)ஐ விரித்துவிட்டார்கள்.

இதில் நமக்கு ஒரு சேதி உண்டு. வண்டியில் 'பிரஸ்' ஸ்டிக்கர் ஒட்டியவருக்கு இருக்கும் அதே உரிமைதான் உங்களுக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட நிருபர் கட்டுவதும் 10 ரூபாய், நீங்கள் கட்டுவதும் 10 ரூபாய்.

பேப்பர் படித்துவிட்டு யாராவது ஓட்டை மாற்றிப் போடுவார்களா?

ரொம்பக் குறைவு. 1940 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ஓஹையோ மாநிலத்தின் ஈரி மாவட்டத்தில் லாசர்ஸ்ஃபெல்டு என்ற சமூகவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரே ஆட்களை மாதக்கணக்கில் திரும்பத் திரும்பப் பேட்டி எடுத்தார்கள். பிரச்சாரம் பெரும்பாலானோரை அவர்கள் முன்பே சாய்ந்திருந்த பக்கத்தில் உறுதிப்படுத்தியதே தவிர, கட்சி மாற்றியது கொஞ்சம் பேரைத்தான். இன்னொன்றையும் கண்டார்கள். செய்தி பலருக்கு நேராகப் போவதில்லை. அக்கம்பக்கத்தில் விவரம் தெரிந்தவர் என்று பெயரெடுத்த ஒருவர் படித்துவிட்டுச் சொல்ல, அவர் வாய்வழியாகப் போகிறது. காலை ஆறு மணிக்கு ஏதாவது ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் எதைப் பற்றிப் பேசுவது என்பதைப் பத்திரிகை தீர்மானிக்கிறது. 1968 தேர்தலை வைத்து வட கரோலினாவின் சாப்பல் ஹில் நகரில் மெக்கோம்ஸ், ஷா இருவரும் செய்த ஆய்வு 1972இல் வெளியானது. எந்தெந்தப் பிரச்சினைக்குச் செய்திகள் அதிக இடம் கொடுத்தனவோ, கிட்டத்தட்ட அதே வரிசையில்தான் வாக்காளர்களும் முக்கியமான பிரச்சினைகளை அடுக்கினார்கள். பெட்டிக்கடை வாசலில் கிளிப் போட்டுத் தொங்கும் போஸ்டரைப் பாருங்கள். கொட்டை எழுத்தில் ஆறேழு வார்த்தை இருக்கும். அன்று பஸ் ஸ்டாண்டில் பேசப்படுவது அந்த ஆறேழு வார்த்தைதான். போஸ்டரில் ஏறாத விஷயத்தை நாமாக எடுத்துப் பேசுவது அபூர்வம்.

"செய்தி எதிரொலி" என்று போட்டுக்கொள்கிறார்களே, அது உண்மையிலேயே நடக்கிறதா, பெருமைக்குப் போடுவதா?

இரண்டும் உண்டு. ஏற்கெனவே டெண்டர் விட்ட வேலை நடந்தாலும் "நமது செய்தி எதிரொலி" என்று மார்தட்டுவது வாடிக்கை. ஆனாலும் பத்திரிகையின் அரசியல் பலத்தைக் கண்ணால் பார்க்க அந்தச் சின்னப் பெட்டிச் செய்தியைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

ஒரு ஊருணியில் சாக்கடை கலக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தெருக்காரர்கள் மனுக் கொடுத்திருப்பார்கள். கவுன்சிலரிடம் சொல்லியிருப்பார்கள். குறைதீர் நாளுக்கு பஸ் ஏறி சிவகங்கை போய்க் கலெக்டரிடமே கொடுத்திருப்பார்கள். எதுவும் அசைந்திருக்காது. ஒருநாள் பச்சை நிறத் தண்ணீரின் படத்தோடு மாவட்டப் பக்கத்தில் மூன்று பத்தி அகலத்தில் செய்தி வரும். அந்தப் பக்கத்தைச் செய்தி மக்கள் தொடர்புத் துறை வெட்டிக் கலெக்டர் மேஜைக்கு அனுப்பும். கலெக்டர் ஆபீஸிலிருந்து ஆணையருக்குப் போன் வரும். பதினோரு மணிக்கு ஜேசிபி வந்து நிற்கும். இத்தனைக்கும் ஓட்டு எங்கேயும் குறுக்கே வரவில்லை. மேலே இருப்பவருக்குத் தெரிந்துவிட்டது என்பது கீழே இருப்பவருக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

இந்தச் சின்ன விஷயமே பெரிய அளவிலும் வேலை செய்கிறது. டிம் பெஸ்லி, ராபின் பர்கெஸ் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1958 முதல் 1992 வரை இந்தியாவின் 16 பெரிய மாநிலங்களின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். பத்திரிகை அதிகம் விற்கும் மாநிலங்களில், விளைச்சல் குறைந்தாலோ வெள்ளம் வந்தாலோ அரசு கூடுதலாக ரேஷன் தானியமும் நிவாரணமும் கொடுத்திருக்கிறது. அதிலும் வட்டார மொழிப் பத்திரிகைகளோடுதான் இந்தத் தொடர்பு வலுவாக இருந்தது. நம் தமிழ்ப் பேப்பரை 'லோக்கல் பேப்பர்' என்று இளக்காரமாகப் பேசுகிறவர்கள் கவனிக்க.

செய்தி வராமல் போனதால் ஆட்கள் செத்த கதை உண்டா?

உண்டு, அதில் நம் ஊர்ச் சங்கிலி ஒன்றும் இருக்கிறது. பர்மாவில் நம் செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் கொடுத்த கடனில் விரிந்த நெல் வயல்களின் அரிசி வங்காளத்துக்கும் போய்க்கொண்டிருந்தது. 1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்ததும் அரிசி நின்றது. நம் ஆட்கள் பெட்டி படுக்கையை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். மறு வருஷம் வங்காளத்தில் பஞ்சம். பர்மா அரிசி நின்றதை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. யுத்தகால விலையேற்றமும் பதுக்கலும் அரசின் அலட்சியமும் சேர்ந்துகொண்டன. யுத்தகாலத் தணிக்கையில் உண்மை நிலை வெளியே வரவில்லை. 1943 ஆகஸ்டில் கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மேன்' ஆசிரியர் இயான் ஸ்டீபன்ஸ் துணிந்து தெருவில் கிடந்த பிணங்களின் படங்களை அச்சிட்ட பிறகுதான் டெல்லியும் லண்டனும் வாயடைத்து நின்றன. சுமார் 30 லட்சம் பேர் இறந்த பஞ்சம் அது. சுதந்திரமான பத்திரிகையும் தேர்தலும் இருக்கும் நாட்டில் பெரும் பஞ்சம் வருவதில்லை என்று அமர்த்தியா சென் வாதாடியது, சிறுவனாக அந்தப் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்ததன் தொடர்ச்சி.

நம் ஊர்ப் பிரச்சினை சென்னைக்காரர்களுக்கு ஏன் தெரிவதே இல்லை?

அவர்கள் படிக்கும் பேப்பரில் அது அச்சாவதில்லை என்பதால். பெயர் ஒன்றாக இருந்தாலும் பேப்பர் ஒன்றல்ல. சிவகங்கை மாவட்டப் பக்கம் மதுரைப் பதிப்போடு வருகிறது. மாவட்டப் பக்கத்தில் வந்த செய்தி அந்த மாவட்டத்தோடு முடிந்துபோகும். கலெக்டர் வரை அசைக்கும், கோட்டை வரை எட்டாது.

இதற்கு மேல் ஒரு சிக்கல். செட்டிநாடு என்று நாம் வாய் நிறையச் சொல்லும் பகுதி நிர்வாகத்தில் இரண்டாகக் கிடக்கிறது. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் எல்லாம் சிவகங்கை மாவட்டம். ராயவரமும் அரிமளமும் புதுக்கோட்டை மாவட்டம். அந்தப் பக்கத்துக்குச் செய்தி திருச்சிப் பதிப்பில். பெண் கொடுத்து எடுத்த உறவு, கோயில், பங்காளி எல்லாம் ஒன்றாக இருந்தாலும் காலையில் கையில் விழும் பேப்பர் வேறு. இங்கே நடக்கும் கண்மாய் ஆக்கிரமிப்பு அங்கே தெரியாது, அங்கே நடக்கும் கல்குவாரித் தகராறு இங்கே தெரியாது.

இப்போது நம் மக்களவைத் தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். சிவகங்கைத் தொகுதியில் காரைக்குடி, திருப்பத்தூர், சிவகங்கை, மானாமதுரை ஆகிய நாலு சட்டமன்றத் தொகுதிகள் சிவகங்கை மாவட்டத்தவை. திருமயமும் ஆலங்குடியும் புதுக்கோட்டை மாவட்டத்தவை. ஒரே எம்.பி. ஆனால் அவர் மானாமதுரையில் என்ன பேசினார் என்பது ஆலங்குடிக்காரருக்கு வருவதில்லை. ஆலங்குடியில் கொடுத்த வாக்குறுதி நமக்கு வருவதில்லை. எந்த நிருபருக்கும் அவர் முழுசாகத் 'தன்' எம்.பி. இல்லை.

இது வெறும் புலம்பல் இல்லை. ஸ்னைடர், ஸ்ட்ரோம்பெரி என்ற இருவர் 2010இல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்க நாடாளுமன்றத் தொகுதிகளின் எல்லையையும் பத்திரிகைகள் விற்கும் எல்லையையும் ஒப்பிட்டது. இரண்டும் பொருந்தாத இடங்களில் உறுப்பினரைப் பற்றிச் செய்தி குறைவு. மக்களுக்கு அவர் பெயரே தெரிவது குறைவு. அதைவிட முக்கியமாக, அவர் தொகுதிக்காக உழைப்பதும், தொகுதிக்கு வரும் அரசுப் பணமும் குறைவு. இங்கே யாரும் இதை அளந்து பார்க்கவில்லை என்றாலும், எனக்கு இது நம் கதையாகவே படுகிறது. தொகுதி வரைபடத்தைப் போடுகிறவர்கள் சாதியையும் கட்சியையும் கணக்கில் எடுக்கிறார்கள் என்று நாம் சந்தேகப்படுகிறோம். பேப்பர் பதிப்பை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

செட்டிநாட்டிலிருந்தே பத்திரிகை வந்ததாகச் சொல்கிறார்களே?

வந்தது, ஒன்றல்ல. 1920இல் 'தன வைசிய ஊழியன்' தொடங்கியது. பின்னால் 'ஊழியன்' என்று பெயர் சுருங்கியது. ராய. சொக்கலிங்கம் அதன் ஆசிரியர். புதுமைப்பித்தன்கூட 1930களில் கொஞ்சகாலம் காரைக்குடிக்கு வந்து அதில் வேலை பார்த்தார். சொ. முருகப்பாவின் 'குமரன்' சமூகச் சீர்திருத்தம் பேசியது. விதவைத் திருமணத்தை ஆதரித்து எழுதியதோடு நிற்காமல் அவரே அப்படிக் கல்யாணம் செய்துகொண்டார். கடல் தாண்டி ரங்கூனிலிருந்து 'தனவணிகன்' வந்தது. கோட்டையூர் ஏ.கே. செட்டியார் காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கக் கிளம்பும் முன் அதற்கு ஆசிரியராக இருந்தவர்.

இவை கொஞ்சம் பேர் வாங்கிய பத்திரிகைகள்தான். ஆனால் ஊர்ப் பெரியவர்களை ஊருக்குள்ளேயே இருந்துகொண்டு எதிர்த்து எழுதின. பணம் போட்டவரும், திட்டு வாங்கியவரும், படித்தவரும் ஒரே நாலு தெருவுக்குள் இருந்தார்கள். இன்றைக்கு அப்படி ஒரு பத்திரிகை இந்த வட்டாரத்தில் நடத்த முடியுமா என்று கேட்டால் பதில் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. அந்தக் காலத்து இதழ்களைத் தேடுகிறவர்களுக்கு: கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் ஒரு துண்டு நோட்டீஸைக்கூட விடாமல் சேர்த்து வைத்தார். அந்தச் சேகரிப்பை அவர் மறைவுக்குப் பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, சென்னையில் அவர் பெயரிலேயே நூலகமாக்கியது.

உள்ளூர் நிருபருக்கு எல்லாம் தெரியும். ஏன் எழுதமாட்டேன் என்கிறார்?

அவரைத் திட்டுவதற்கு முன் அவர் வருமானத்தைக் கேளுங்கள். தாலுகா அளவில் இருக்கும் பலர் பகுதி நேர நிருபர்கள். மாதச் சம்பளம் கிடையாது, அல்லது பெட்ரோலுக்குக் காணாது. செய்திக்கு இவ்வளவு என்று ஒரு சின்னத் தொகை. கை கொடுப்பது விளம்பரக் கமிஷன். தீபாவளி மலர், ஆண்டு விழா மலர், தலைவர் பிறந்தநாள் என்று வந்தால் இத்தனை ஆயிரத்துக்கு விளம்பரம் பிடித்துக் கொடு என்று அலுவலகத்திலிருந்து கெடு வரும். யாரிடம் போவார்? ஜவுளிக்கடை, நகைக்கடை, தனியார் பள்ளி, ஆஸ்பத்திரி, ஒன்றியச் செயலாளர், ஒப்பந்ததாரர். ஊரில் யாரைப் பற்றி எழுத வேண்டியிருக்குமோ அவர்களிடம்தான். வாசலில் அரை மணி நேரம் நின்று கால்பக்க விளம்பரம் வாங்கிய ஒப்பந்ததாரரின் ரோடு மூன்று மாதத்தில் பெயர்ந்துவிட்டால், "சாலை சேதம், பொதுமக்கள் அவதி" என்று செய்தி வரும். ரோடு போட்டது யார் என்பது மட்டும் வராது.

இதற்கு மேல் 'கவர்'. பிரஸ்மீட் முடிந்ததும் பேனா, நோட்டோடு ஒரு உறையும் கைமாறும். வாங்காதவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கிறுக்கன் என்று சொல்லும் சக நிருபர்களும் இருக்கிறார்கள்.

ஜனநாயகத்தில் ஊடகம் பற்றிய பேச்சு எப்போதும் டெல்லி ஸ்டுடியோவில்தான் நடக்கிறது. என்னைக் கேட்டால் அது நொண்டியடிக்கும் இடம் இந்த விளம்பரக் கெடு.

சேனல்கள் எல்லாம் கட்சிக்காரர்கள் கையில் இருக்கின்றனவே. எதை நம்புவது?

சன் டிவி 1993இல் வந்தது, ஜெயா டிவி 1999இல், கலைஞர் டிவி 2007இல். அதற்கு முன்பே பத்திரிகையில் இது பழக்கம்தான்: 'விடுதலை', 'முரசொலி', 'ஜனசக்தி', 'தீக்கதிர்' என்று ஒவ்வொரு இயக்கமும் தனக்கொரு பேப்பர் வைத்திருந்தது. எனக்கு இதில் பெரிய வருத்தம் இல்லை. முகப்பிலேயே கொடி கட்டிய சேனலைப் பார்க்கிறவர் அதற்குத் தகுந்த மாதிரி குறைத்து எடுத்துக்கொள்வார். கொடி இல்லாமல், நடுநிலை என்று சொல்லிக்கொண்டு, அரசு விளம்பரம் நின்றுவிடக்கூடாதே என்று வாயை மூடிக்கொள்ளும் சேனல்தான் ஆபத்து. அதில் என்ன சொல்லப்படவில்லை என்பது நமக்குத் தெரியவே தெரியாது.

வழி ஒன்றுண்டு: ஒரே நாள் சட்டசபைச் செய்தியை எதிரெதிர்க் கட்சிகளின் இரண்டு சேனலில் பாருங்கள். இரண்டிலும் பொதுவாக வருவதை நம்பலாம். ஒன்றில் மட்டும் வருவதைத் தேடிப் பார்க்கலாம்.

கேபிள் விஷயத்தில் அரசியல் உண்டா?

உண்டு. சேனலை நடத்துவது ஒரு பலம் என்றால், அதை எந்த எண்ணில் தள்ளுவது, வருமா வராதா என்பது இன்னொரு பலம். அரசு கேபிள் நிறுவனம் 2007இல் தொடங்கியதே அப்போது ஆண்ட தி.மு.க.வுக்குள் குடும்பச் சண்டை நடந்த காலத்தில்தான்.

காசு வாங்கிப் போட்ட செய்தியை எப்படிக் கண்டுபிடிப்பது?

வேட்பாளர் போகும் இடமெல்லாம் "ஆரத்தி எடுத்து உற்சாக வரவேற்பு" என்றிருக்கும். எதிர்க்கேள்வி ஒன்றுகூட இருக்காது. அடுத்த கடைப் பேப்பரிலும் அதே வாசகம் இருக்கும். 2009 மகாராஷ்டிரத் தேர்தலின்போது போட்டிப் பத்திரிகைகளில் ஒரே கட்டுரை எழுத்து மாறாமல் வந்ததை வைத்துத்தான் இந்த வியாபாரம் நாடு முழுக்க அம்பலமானது. மறு வருஷம் பிரஸ் கவுன்சிலும் விசாரித்து அறிக்கை கொடுத்தது. உத்தரப் பிரதேசத்தில் ஒரு எம்.எல்.ஏ. இப்படிச் செய்த செலவைக் கணக்கில் காட்டாததால் 2011இல் தகுதி இழந்தார்.

தேர்தல் காலத்தில் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஊடகச் சான்றிதழ் மற்றும் கண்காணிப்புக் குழு இருக்கும். பேப்பரைத் தேதியோடு எடுத்துக்கொண்டு அங்கே புகார் கொடுக்கலாம். நிரூபணமானால் அந்தத் தொகை வேட்பாளரின் செலவில் ஏறும். வேட்பாளர்கள் இதற்குத்தான் பயப்படுவார்கள்.

அரசு நினைத்தால் பத்திரிகையை அடக்க முடியாதா?

முடிந்த காலமும் உண்டு. 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை வந்ததும் தணிக்கை வந்தது. சில பத்திரிகைகள் தலையங்க இடத்தை வெள்ளையாக விட்டு எதிர்ப்பைக் காட்டின. தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31இல் தி.மு.க. ஆட்சியைக் கலைத்த பிறகு பிடி இறுகியது.

ஜனநாயகம் நன்றாக நடக்கும் காலத்திலும் பத்திரிகை தப்ப முடியவில்லை. 1987இல் எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் கேலி செய்த ஓர் அட்டைப்பட ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டசபை மூன்று மாதச் சிறை விதித்தது. எதிர்ப்பு கிளம்பிச் சில நாட்களில் விட்டார்கள். 2003 நவம்பரில் 'தி இந்து' பத்திரிகையாளர்களுக்கும் 'முரசொலி' ஆசிரியருக்கும் 15 நாள் சிறை என்று சபை தீர்மானித்தது. உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. இரண்டு தடவையும் ஆண்டது அ.தி.மு.க. அதற்காக மற்றவர்கள் உத்தமர்கள் என்று இல்லை. அவதூறு வழக்கு என்ற ஆயுதத்தை இரு கழகங்களும் எடுத்திருக்கின்றன. அப்படிப் போட்ட பல வழக்குகளை 2020இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

நல்ல பக்கமும் இருக்கிறது. ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை வெளியிடவிடாமல் 'நக்கீரன்' இதழை அதிகாரிகள் தடுக்கப் பார்த்த வழக்கில், தன்னைப் பற்றி அவதூறு வரும் என்று அஞ்சி அரசு முன்கூட்டியே அச்சைத் தடுக்க முடியாது என்று 1994இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இன்றைக்கு ஜெயிலைவிடச் சுலபமான வழி விளம்பரத்தை நிறுத்துவது. அதற்கு உத்தரவு எதுவும் வராது, எனவே வழக்கும் போட முடியாது.

வாட்ஸ்அப் குரூப் இருக்கும்போது பேப்பர் எதற்கு?

ஊர் குரூப்பில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரிந்துகொள்ளலாம், நல்லதுதான். ஆனால் குரூப்பில் வந்ததற்கு யாரும் பொறுப்பில்லை. பேப்பரில் ஆசிரியர், அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் போட வேண்டும் என்பது சட்டம். வழக்குப் போட ஓர் ஆள் இருக்கிறார். கலெக்டருக்கு வெட்டி அனுப்பப்படுவதும் இதுவரை பேப்பர்தான்.

என்னைப் பற்றித் தப்பான செய்தி வந்துவிட்டது. என்ன செய்ய?

முதலில் ஆசிரியருக்கு எழுத்தில் அனுப்புங்கள், பதிவுத் தபாலில். எந்தத் தேதி, எந்தப் பதிப்பு, எந்த வரி தவறு, அதற்கு உங்களிடம் என்ன ஆதாரம் என்பது போதும். கோபத்தை எழுத வேண்டாம். மறுப்புப் போடவில்லை என்றால் பிரஸ் கவுன்சிலுக்குப் போகலாம். நாளிதழ், வார இதழ் என்றால் செய்தி வந்த இரண்டு மாதத்துக்குள் புகார் போக வேண்டும். கவுன்சில் கண்டிக்கலாம், அபராதம் போட அதிகாரமில்லை. டிவி செய்தி என்றால் முதலில் சேனலுக்கே எழுத வேண்டும், அதுவும் சீக்கிரம். அந்தச் சேனல் ஒளிபரப்பாளர் சங்கத்தில் சேர்ந்திருந்தால் அதன் தரநிலை ஆணையத்துக்கும் அடுத்ததாகப் போகலாம்.

உள்ளூர் நிருபரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பாதி நேரம் தலைப்புப் போட்டது அவர் இல்லை, மதுரையில் இரவு டூட்டியில் இருந்த உதவி ஆசிரியர். மறுப்பு வெளியானால் அதை வெட்டி, முதல் செய்தியோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். நிலம், கல்யாணம், வேலை என்று எதிலாவது ஒருநாள் யாரோ பழைய செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து நிற்பார்.